படுவான்கரையின் இரவு: ஓராட்டும் உழைப்பும்

நாட்டார் பாடல்களைப் பற்றி எழுதுவோர் தாலாட்டைத் தாயன்பின் வெளிப்பாடு என்று கூறி அமைவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. எக்காலத்தும் எவ்விடத்தும் தாயன்பு ஒரே தன்மையது என்ற எண்ணமே இக்கூற்றின் அடியில் உள்ளது. அன்பு என்றும் உள்ளதாகலாம். ஆனால் ஒரு தாய் எந்நேரத்திற் பிள்ளையை உறங்கவைக்கிறாள், அவ்வேளையில் தந்தை எங்கே இருக்கிறான், தாய் வேலைக்குப் போய்விட்டாற் பாடுபவர் யார், பாடுபவரின் வீடு எவருக்கு உரியது என்பன இயற்கையால் அமைவன அல்ல; சமுதாய உறவுகளால் அமைவன. அவ்வுறவுகள் மாறும்போது பிள்ளை உறங்கும் முறையும் மாறுகின்றது. இம்மாற்றத்தை மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையிலுள்ள வவுணதீவையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் களமாகக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்றது. அதன் கிழக்கே கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான நிலம் எழுவான்கரை. மேற்கே வயலும் காடும் சிறுகுளங்களும் விரவிய நிலம் படுவான்கரை. ஞாயிறு எழும் திசையும் படும் திசையும் இப்பெயர்களுக்குக் காரணமாயின. வவுணதீவு படுவான்கரையின் வாயில் போன்றது. வலையிறவுப் பாலம் வழியாக நகரிலிருந்து வருவோர் முதலிற் காணும் ஊர்களுள் ஒன்று அது. இன்று மண்முனை மேற்குப் பிரதேச செயலகம் அங்கேயே உள்ளது. கன்னன்குடா, ஈச்சந்தீவு, நாவற்காடு, விளாவெட்டுவான், ஆயித்தியமலை, உன்னிச்சை முதலிய ஊர்களின் வாழ்வு நெல்லோடு பிணைந்தது. வேளாண்மை என்றாலே நெற்செய்கையைக் குறிப்பது இப்பகுதியின் பேச்சு வழக்கு.

இந்நெற்செய்கையின் மரபுவழி அமைப்பை நாம் மறக்கலாகாது. நிலவுடைமையாளர் போடியார் எனப்பட்டனர். அவர்களுட் பலர் எழுவான்கரையில் வாழ்ந்தவாறே படுவான்கரை வயல்களின் விளைவைப் பெற்றனர். வயலிலே பொறுப்பாக நின்று செய்கையை நடத்தியவன் முல்லைக்காரன். அவனுக்குக் கீழே கூலிக்கும் பங்குக்கும் உழைத்தோர் இருந்தனர். விதைப்பு முதல் அறுவடை வரை உழைப்போரின் வாழ்வு வயலை ஒட்டிய வாடியிலே கழிந்தது. வடகீழ்ப் பருவமழையை நம்பிய பெரும்போகத்தில் பயிர் முற்றும் நாட்களில் யானையும் பன்றியும் வயலில் இறங்கும். ஆகவே ஆடவர் இரவிலே காவற்பரணில் விழித்திருத்தல் வேண்டும். யானைத் தொல்லை இன்றும் இவ்வூர்களை விட்டு அகலவில்லை.

இவ்வமைப்பில் ‘பெற்றோர் இருவரும் பிள்ளையை உறங்கவைக்கும் இரவு’ என்பது ஆண்டின் எல்லா நாட்களிலும் கிட்டும் ஒன்றன்று. தந்தை பரணிலோ வாடியிலோ இருப்பான். தாய் குடிசையில் இருப்பாள். விளைவின் உரிமையாளருக்கு வாவியின் மறுகரையில் உறக்கம் வாய்க்கும். ஒரே நெல்லைச் சார்ந்து வாழ்ந்த மூவருக்கும் இரவு மூன்று வகையாகப் பங்கிடப்பட்டிருந்தது. நிலத்தின் பங்கீட்டை ஆராய்ந்த நாம் இரவின் பங்கீட்டையும் ஆராய்தல் வேண்டும்.

2

படுவான்கரையின் இரவுக்கு இரண்டு பாட்டுக்கள் இருந்தன. ஒன்று களவெட்டியில் எழுந்தது; மற்றது ஏணையின் அருகில் எழுந்தது.

அறுத்த கதிரைச் சூடாகக் குவித்து, பின் களத்திலே பரப்பி, எருதுகளைப் பிணைத்து மிதிப்பித்து நெல்லைப் பிரித்தெடுப்பது பழைய முறை. இவ்வேலை பெரும்பாலும் இரவிலே நடந்தது. களவெட்டி புனிதமான இடமாகக் கருதப்பட்டமையால் அங்கு அன்றாடச் சொற்கள் பலவற்றை விலக்கி, அவற்றுக்குப் பதிலாகத் தனிச்சொற்களை வழங்கினர். பொலி பெருகவேண்டும் என்று வேண்டியும் எருதுகளை விளித்தும் பாடிய பாட்டுக்கள் பொலிப்பாட்டுக்கள். எருதின் நடையே அவற்றின் தாளம். எருதும் உறங்கலாகாது, அதனை நடத்துபவனும் உறங்கலாகாது. எனவே உறக்கத்தை விரட்டுவது அப்பாட்டின் பயன்களுள் ஒன்று.

அதே இரவிலே குடிசையில் ஏணை ஆடியது. வளையிலே சேலையைக் கட்டி அமைத்த தொட்டிலை ஈழத்தார் ஏணை என்பர். தாலாட்டு என்ற சொல்லோடு ஓராட்டு என்ற சொல்லும் ஈழத்தில் வழங்கும். தால் என்பது நா. நாவை ஆட்டிப் பாடுவதே தாலாட்டு என்பர். ஏணை முன்னும் பின்னும் சென்று வரும் கால அளவே பாட்டின் அடியளவாகின்றது. ஏணைக் கயிற்றைக் காலாற் பற்றி ஆட்டியவாறே கையால் வேறு வேலை பார்ப்பது உழைக்கும் வீடுகளிற் காணத்தக்க காட்சி. பன்பாய் இழைத்தலும் அரிசி புடைத்தலும் பிள்ளை உறங்கும் வரை காத்திருப்பதில்லை.

கார்ல் பூச்சர் என்ற ஜெர்மானிய அறிஞர் 1896இல் உழைப்பும் தாளமும் பற்றி எழுதிய நூலில், கூட்டு உழைப்பின் அசைவுகளிலிருந்து பாட்டின் ஒழுங்கு தோன்றிற்று என வாதித்தார். ஜோர்ஜ் தொம்சன் 1945இல் மார்க்சியமும் கவிதையும் பற்றி எழுதிய சிறுநூலில் அக்கருத்தை மேலும் வளர்த்தார். தமிழில் உழைப்புப் பாடல் என்றவுடன் ஏற்றப்பாட்டும் நடவுப்பாட்டும் நினைவுக்கு வருகின்றன, தாலாட்டு வருவதில்லை. அதனைக் குழந்தைப் பாடல் என்றோ பெண்கள் பாடல் என்றோ வேறு பெட்டியில் இட்டுவிடுகிறோம். இப்பாகுபாடு பொருந்துமா? பொலிப்பாட்டு நெல்லைப் பிரித்தெடுக்கும் உழைப்போடு சேர்ந்தது. ஓராட்டு நாளை அந்நெல்லை விளைவிக்கப்போகும் உழைப்பாளியை வளர்த்தெடுக்கும் உழைப்போடு சேர்ந்தது. பின்னதற்குக் கூலி இல்லை. அதனால் அது உழைப்பென்று எண்ணப்படவில்லை. பிள்ளை உறங்கியபின் அதற்குச் சான்றாகக் குவிந்து நிற்கும் பொலி எதுவும் இல்லை. ஆயினும் உறங்காத பிள்ளையை வைத்துக்கொண்டு மறுநாள் விடியலில் எவரும் அருவி வெட்டப் போக இயலாது. உழைப்புச் சக்தியின் மறு உற்பத்தி என்று அரசியற் பொருளியலார் கூறுவது வவுணதீவுக் குடிசையிலே இவ்வுருவில் நடைபெற்றது.

3

தாலாட்டின் பொருளமைதியை எடுத்துக்கொள்வோம். அழும் பிள்ளையை யார் அடித்தார் என்று வினவி, உறவினரை ஒருவர்பின் ஒருவராக அடுக்கிச் செல்வது தமிழ்த் தாலாட்டுக்கள் பலவற்றிற் காணப்படும் பொது அமைப்பு. மாமன், மாமி, பாட்டி என நீளும் இவ்வடுக்கிலே தாய்மாமனுக்குச் சிறப்பிடம் உண்டு. தமிழ்நாட்டிலும் இது பொதுவே. எனினும் மட்டக்களப்பில் இவ்வடுக்கு வேறு ஒரு பொருளும் பெறுகின்றது.

இப்பகுதியின் சமுதாய அமைப்புக்கு அடிப்படை குடி. தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் குடி தாய்வழியாக வருவது. ‘வயிற்றுவார்’ என்ற சொல் அவ்வழியைச் சுட்டும். கோயில் வண்ணக்கர் முதலிய பொறுப்புக்கள் மரபாகத் தாய்மாமனிடமிருந்து மருமகனுக்குச் சென்றன. முக்குவர் வழமை எனப்பட்ட சொத்துரிமை முறையும் தாய்வழியைச் சார்ந்ததே. 1876இல் கிறிஸ்தோப்பர் பிரிட்டோ அவ்வழமையை நூலாக வெளியிட்டார். அதே 1876இல் இயற்றப்பட்ட 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விவாகத்தோடு தொடர்பான சொத்துரிமையை வேறு நெறியில் ஒழுங்குபடுத்தவே, பழைய வழமை சட்டவலு இழந்து தேய்ந்தது. ஆனாற் சட்டம் மாறிய பின்னரும் வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகச் செல்லும் வழக்கமும், மணமகன் மனைவியின் வீட்டிற் சென்று வாழும் வழக்கமும் நிலைத்தன. டெனிஸ் மக்கில்வ்றே தம் நெடுங்காலக் கள ஆய்வின் பயனாக 2008இல் வெளியிட்ட நூலில் இவ்வமைப்பை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

இதனால் விளைந்தது யாது? பிள்ளை உறங்கும் வீடு தாயின் வீடு. அடுத்த வளவிலே அம்மம்மா இருப்பாள். அயலிலே பெரியம்மாவும் சின்னம்மாவும் இருப்பர். ஒருத்தி வயலுக்குப் போனால் மற்றொருத்தி ஏணையை ஆட்டுவாள். ஆகவே மட்டக்களப்பின் ஓராட்டு ஒரு தனித் தாயின் பாட்டன்று. தாய்வழிப் பெண்கள் கூட்டாகக் காத்துவந்த பாட்டு. அதிலே அம்மான் போற்றப்படுவது வெறும் அலங்காரமும் அன்று. அவன் அவ்வீட்டிற் பிறந்தவன்; மணத்தின் பின் அவ்வீட்டை விட்டு வேறு வீட்டுக்குச் சென்றவன்; எனினும் குடியின் பொறுப்பைச் சுமப்பவன். வீட்டில் இல்லாத ஒருவனைப் பாட்டினால் வீட்டுக்கு அழைத்துப் பிள்ளையின் நினைவிலே பதித்துவைக்கும் முறை அது. எழுத்தறியாத சமுதாயத்தில் உறவுமுறையின் முதற்பாடம் ஏணையிலே நடந்தது என்று கூறுவது மிகையாகாது.

4

பிள்ளை ஏணையை விட்டுப் பாய்க்கு வந்தபின் பாட்டின் இடத்தைக் கதையும் நொடியும் பெறுகின்றன. நொடி என்பது விடுகதை. கதை கேட்கும் பிள்ளை இடையிடையே ‘உம்’ கொட்டவேண்டும். அவ்வொலி நின்றால் பிள்ளை உறங்கிவிட்டது என்று பொருள், கதையும் நிற்கும். எனவே இக்கதைகளின் முடிவைச் சொல்பவர் தீர்மானிப்பதில்லை. கேட்பவரின் உறக்கமே தீர்மானிக்கின்றது. அச்சிட்ட கதைக்கும் இதற்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுவே.

வீட்டுக்கு வெளியே ஊர் முழுவதும் விழித்திருக்கும் இரவுகளும் இருந்தன. வைகாசியிற் கண்ணகியம்மன் கோயில்களிலே குளிர்த்திச் சடங்கை ஒட்டிக் கண்ணகி வழக்குரை பாடப்படும். கன்னன்குடா போன்ற ஊர்களிலே வடமோடி, தென்மோடிக் கூத்துக்கள் விடியும் வரை ஆடப்படும். பிள்ளைகள் களரியைச் சுற்றி விரித்த பாயிலே பாதி கேட்டும் பாதி உறங்கியும் வளர்ந்தனர். கூத்தின் தாளக்கட்டை அண்ணாவியாரிடம் முறையாகப் பயிலுமுன்னரே அது பலரின் செவியில் ஏறிவிட்டது. பிலிப் ஆரியே என்ற பிரான்சிய வரலாற்றாசிரியர் 1960இல் வெளியிட்ட நூலில், பிள்ளைகளை முதியோரின் உலகிலிருந்து பிரித்து வைக்கும் வழக்கம் ஐரோப்பாவிலே பிற்காலத்தது என்று வாதித்தார். அவருடைய முடிவுகள் சில பின்னர் மறுக்கப்பட்டன. ஆயினும் பிள்ளைக்கென்று தனி அறை, தனி நேரம், தனிப் புத்தகம் என்ற இன்றைய நகர்ப்புற ஒழுங்கு என்றுமுள்ளதன்று என்பதற்குக் கூத்துக் களரியின் பாய் தக்க சான்று.

5

உழைக்கும் பெண்களின் இப்பாட்டை ஏட்டிலக்கியம் எவ்வாறு எடுத்தாண்டது? பெரியாழ்வார் கண்ணனுக்குத் தாலாட்டுப் பாடினார். குலசேகராழ்வார் இராமனுக்குப் பாடினார். பக்தி இயக்கம் மக்களின் பாடல் வடிவங்களைக் கோயிலுக்குள் கொண்டுவந்த காலம் அது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கன்மீது பிள்ளைத்தமிழ் பாடினார். அவ்விலக்கிய வகையிலே தாலப்பருவம் ஓர் உறுப்பாயிற்று. தாயின் குரலைப் புலவர் ஏற்றார். பிள்ளையின் இடத்திலே அரசன் அமர்ந்தான். உறங்கவைக்கப்படவேண்டிய தேவை அவ்வரசனுக்கு இல்லை. புகழப்படவேண்டிய தேவை இருந்தது. வடிவம் எஞ்ச, அதனைத் தோற்றுவித்த உழைப்பு மறைந்தது.

எதிர்த்திசையிலும் ஒன்று நிகழ்ந்தது. மண்குடிசையின் ஓராட்டிலே பொற்றொட்டிலும் முத்தும் பவளமும் வருகின்றன. இதனை ஆளும் வர்க்கக் கருத்தியலின் நிழல் என்று மட்டும் கொள்வோர் உளர். ஏழையின் வெறுங்கனவு என்பாரும் உளர். பொற்றொட்டில் எவரிடம் உண்டு என்பதைப் பாடும் பெண் நன்கறிவாள். போடியாரின் வீட்டுக்குரிய பொருட்களை அவள் தன் பிள்ளைக்கு இரவிலே பங்கிட்டுக் கொடுக்கிறாள். பகலில் நடைபெறாத பங்கீடு அது. அதனைப் புரட்சிக் குரல் என்று புனைந்துரைக்க வேண்டியதில்லை. உடன்பாடு என்று தள்ளிவிடவும் வேண்டியதில்லை. நா. வானமாமலை 1964இல் தமிழர் நாட்டுப் பாடல்களைத் தொகுத்து வெளியிட்டபோது, பாடுவோரின் தொழிலையும் வாழ்நிலையையும் பாடலோடு சேர்த்து நோக்கும் வழியைக் காட்டினார். அவ்வழியே இங்கும் பொருந்தும்.

6

இவ்விரவின் அமைப்பு எவ்வாறு குலைந்தது என்பது அடுத்த வினா. 1945இல் அறிமுகமான இலவசக் கல்வி விளக்கொளியிலே பாடம் ஒப்புவிக்கும் வழக்கத்தைக் குடிசைகளுக்குக் கொணர்ந்தது. கதையின் நேரத்திற் சிறுபகுதியைப் பாடம் பெற்றுக்கொண்டது. உழவு இயந்திரம் களத்துக்கு வந்தபோது எருது விலகியது; பின்னர் அறுவடை இயந்திரம் வந்தபோது களவெட்டியே தேவையற்றதாயிற்று. உற்பத்திக் கருவி மாறவே பொலிப்பாட்டின் பொருளடிப்படை அற்றது. இன்று அது பெரும்பாலும் மேடையிலும் தொகுப்பு நூலிலும் வாழ்கின்றது.

ஆனால் ஓராட்டு அவ்வாறு மறையவில்லை. பிள்ளையை உறங்கவைக்கும் வேலையை எந்த இயந்திரமும் முழுமையாக ஏற்கவில்லை. எனவே ‘கருவி மாறினால் பாட்டு மறையும்’ என்ற நேர்கோட்டு விதி இங்குச் செல்லாது. ஓராட்டைத் தாக்கியவை வேறு.

1978 நவம்பரில் வீசிய சூறாவளி மட்டக்களப்பு மாவட்டத்தின் வீடுகளையும் தோட்டங்களையும் அழித்தது. அதன்பின் வந்த போர் இரவின் பொருளையே மாற்றியது. நீண்ட காலம் வாவி இரு படைகளுக்கு இடைப்பட்ட எல்லையாக நின்றது. வவுணதீவு அவ்வெல்லையின்மீது கிடந்தது. 2007ஆம் ஆண்டின் முற்பகுதியிற் படுவான்கரை மக்கள் பெருந்தொகையினராக வாவியைக் கடந்து இடம்பெயர்ந்தனர். பாடசாலைகளும் கூடாரங்களும் அவர்களின் உறங்குமிடங்களாயின. பிள்ளைகள் ஆயுத அணிகளிற் சேர்க்கப்பட்டதை யுனிசெவ் நிறுவனம் ஆவணப்படுத்திய ஆண்டுகளில், வளர்ந்த பிள்ளையை இரவில் எங்கே உறங்கவைப்பது என்பது பெற்றோரின் அச்சமாயிற்று. சிறுபிள்ளையை உறங்கவைக்கப் பாடியவள், அதே பிள்ளை வளர்ந்தபின் அதனைக் காக்க விழித்திருந்தாள். பரணில் நெல்லுக்குக் காவலிருந்த விழிப்பு இப்போது பாய்க்கு அருகே வந்தது. தாய்வழிப் பெண்கள் அயலயலாக வாழ்ந்த வளவுகள் சிதறியதனால், ஒருத்தி போனால் மற்றொருத்தி ஏணையாட்டும் ஏற்பாடும் சிதறியது.

7

போருக்கு முன்னரே தொடங்கி அதன் பின்னும் வளர்ந்த மற்றொரு மாற்றம் மத்திய கிழக்குக்குப் பெண்கள் வீட்டுவேலைக்குச் செல்வது. 1970களின் பிற்பகுதியிலிருந்து இலங்கை உழைப்பாளர் வளைகுடா நாடுகளுக்குச் செல்லத் தொடங்கினர். 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் நிறுவப்பட்டது. கிழக்கு மாகாணத்தின் தமிழ், முஸ்லிம் பெண்கள் பலரும் இவ்வழியிற் சென்றனர். போரிற் கணவனை இழந்தோரும், கடன்பட்டோரும், மகளுக்கு வீடு கட்டவேண்டியிருந்தோரும் அவர்களுள் அடங்குவர். சீதன வீடு தாய்வழி உரிமையின் அடையாளமாக ஒருகாலம் நின்றது. அவ்வீட்டைக் கட்டுவதற்காகவே தாய் வீட்டை விட்டுப் போகவேண்டிய நிலை பிற்காலத்தில் வந்தது.

கார்சியா லோர்க்கா 1928இல் மட்றிட் நகரிலே ஸ்பானியத் தாலாட்டுக்கள் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். ஏழைப் பெண்கள் செவிலியராகவும் பணிப்பெண்களாகவும் செல்வர் வீடுகளிற் புகுந்தபோது, தம் துயர்தோய்ந்த பாட்டுக்களையும் உடன்கொண்டு சென்றனர் என்று அவர் அதிலே எடுத்துக்காட்டினார். அக்காட்சி கடல் கடந்து மீண்டும் நிகழ்கின்றது. வளைகுடா வீடொன்றிலே பிறர் பிள்ளையை உறங்கவைக்கும் பெண்ணின் உழைப்புக்குக் கூலி உண்டு. ஊரிலே அவளுடைய பிள்ளையை உறங்கவைக்கும் அம்மம்மாவின் உழைப்புக்குக் கூலி இல்லை. ஒரே வேலை ஓரிடத்திற் பண்டமாகவும் மற்றோரிடத்திற் பாசமாகவும் கணக்கிடப்படுகின்றது.

அரசு இதனை எவ்வாறு எதிர்கொண்டது? 2013இற் கொண்டுவரப்பட்ட குடும்பப் பின்னணி அறிக்கை முறை, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுடைய தாய் வீட்டுவேலைக்காக வெளிநாடு செல்வதைத் தடுத்தது. நாடு பெரும் பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்த 2022இல், வெளிநாட்டு நாணயத்தின் தேவை மிகவே, அவ்வயதெல்லை இரண்டாகக் குறைக்கப்பட்டது. முதலில் தாய்மையின் பெயராற் பெண்ணின் தொழிலுரிமை கட்டுப்படுத்தப்பட்டது. பின்னர் அந்நியச் செலாவணியின் பெயரால் அதே தாய்மை சுருக்கப்பட்டது. தந்தையின் கடமை இவ்விரு வேளைகளிலும் இவ்வாறு அளக்கப்படவில்லை. ஒரு பிள்ளைக்கு எத்தனை வயது வரை தாயின் பாட்டு வேண்டும் என்பதை நாட்டின் திறைசேரி நிர்ணயித்தது என்றே இதனைக் கூறவேண்டும்.

இன்று கைத்தொலைபேசி இந்த இடைவெளியில் நுழைந்துள்ளது. தொலைவிலுள்ள தாயின் குரலைப் பிள்ளையின் பாய்க்குக் கொண்டுவருவதும் அதுவே. ஒளிப்படக் காட்சிகளை இட்டுக் கதை சொல்லும் கிழவியை ஓய்வுபெறச் செய்வதும் அதுவே. கருவியைப் பழிப்பதாற் பயனில்லை. அது இல்லாவிடிற் பல வீடுகளிலே தாயின் குரலே இருந்திராது. ஆனால் ஏணையை ஆட்டும் கை கம்பியின் வழியே வராது. அக்கை இன்னும் அம்மம்மாவினுடையதே.

8

மட்டக்களப்பின் வாய்மொழிப் பாடல்களைக் காத்தோருக்கு நாம் கடன்பட்டுள்ளோம். வி.சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகம் 1964இல் வெளிவந்து இப்பகுதியின் பண்பாட்டைத் தொகுத்துரைத்தது. இ. பாலசுந்தரம் மட்டக்களப்பு மாவட்டத்தைக் களமாகக் கொண்டு ஈழத்து நாட்டார் பாடல்களை ஆராய்ந்து 1979இல் நூலாக்கினார். இவர்கள் அமைத்த அடிப்படையின்மீது அடுத்த தலைமுறை செய்யவேண்டிய பணி ஒன்று உண்டு. பாடலை மட்டும் பதிவு செய்தல் போதாது. பாடியவர் தாயா, அம்மம்மாவா, சின்னம்மாவா? அவ்வேளையிற் பிள்ளையின் பெற்றோர் எங்கே இருந்தனர்? அவ்வீட்டின் வயல் சொந்தமா, குத்தகையா, பிறருடையதா? இடம்பெயருமுன் பாடிய பாட்டா, பின் கற்ற பாட்டா? இவ்விவரங்கள் பாடலின் ஓரத்திலே எழுதப்படவேண்டிய குறிப்புக்கள் அல்ல. பாடலின் வரலாறே அவைதாம்.

அத்துடன் ஓராட்டின் அழிவுக்கு இரங்கும் கட்டுரைகள் எழுதுவதோடு நம் பணி முடிந்துவிடாது. பாட்டு நிலைக்கவேண்டுமாயின் பாடுபவளுக்கு மாலைநேரம் வேண்டும். ஊரிலேயே வாழத்தக்க வருவாய் வேண்டும். யானை புகாத வயலும் அஞ்சாது உறங்கும் வீடும் வேண்டும். ஏணைக் கயிற்றைப் பற்றத் தந்தையின் கையும் வேண்டும். இவை பண்பாட்டுத் திணைக்களத்தின் பரிசுப் போட்டிகளாற் கிடைப்பன அல்ல. படுவான்கரையின் நிலம், நீர், கூலி என்பவற்றின் கேள்விகளுக்கு விடை காணும்போதே அங்குள்ள பிள்ளையின் உறக்கத்துக்கும் விடை கிடைக்கும்.